கொட்டாத குளவி

அத்தியாயம் 6

டிபன் பாக்ஸைத் திறந்தது ரூபஸின் தப்புதான்.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் 'ஞானம் துப்பறியும் நிலையம்' அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தது. நிலையத்தின் ஒரே உதவியாளனான ரூபஸ், மேனாம்பேட்டிலிருந்து பைக்கில் வரும் அவசரத்தில் இட்லியைக் கோட்டைவிட்டிருந்தான். அப்படிப்பட்ட ஒருவனின் மேஜையில் ஓர் இளம்பெண் எவர்சில்வர் டப்பாவை வைத்தால் அவன் என்ன நினைப்பான்? கடவுள் இருக்கிறார் என்று நினைத்தான். மூடியைத் திறந்தான்.

உள்ளே ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு பூச்சி. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. பின்பக்கம் கோணி ஊசி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அது இரண்டு மஞ்சள் மீசைகளையும் தூக்கி ரூபஸை ஏற இறங்கப் பார்த்தது.

தொண்ணூற்றிரண்டு கிலோ எடையுள்ள ஒருவன் ஒரு நொடியில் நாற்காலி மேல் எப்படி ஏறினான் என்பது இன்றுவரை அவனுக்கே தெரியாது.

"மேடம்! கதண்டு! ஊட்டுக்குப் போயிடலாம் மேடம்!"

"மூடுடா" என்றாள் ஞானகுமாரி, எதிர் மேஜையிலிருந்து.

"டப்பாவையா மேடம்?"

"வாயை."

ஞானகுமாரிக்கு நாற்பத்தாறு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் விலங்கியல் டீச்சராக இருந்தவள். தாளாளரின் பையன் பரீட்சையில் பிட் அடித்ததைப் பிடித்துக்கொடுத்தாள்; பையன் பாஸானான், இவள் வேலை போனது. அதற்குப் பிறகு பிடித்துக்கொடுப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டாள்.

"சாரிண்ணா, அது சாப்பாடு இல்ல" என்றாள் வந்திருந்த பெண், பாதி அழுகையில். பெயர் லாவண்யா. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை செய்பவள். அவளுடைய அப்பா தங்கவேல், காட்டுப்பாக்கம் ரொசாரி நகர் மாதா கோயிலில் பன்னிரண்டு வருடமாகத் தோட்டக்காரர். குடியிருப்பதும் அந்தத் தோட்டத்து மூலையில் இருக்கும் ஓட்டு வீட்டில்தான்.

"ரெண்டு வாரமா இந்தப் பூச்சி தோட்டத்துல பறக்குது மேடம். வியாழக்கிழமை செபாஸ்டியன் சாரைக் கொட்டிடுச்சாம். அவர்தான் கோயில் நிர்வாகத்தைப் பாக்குற பங்குப் பேரவையோட செயலாளர். கார் நிறுத்த மாமரத்தை வெட்டணும்னாரு, அப்பா கூடாதுன்னு சண்டை போட்டாரு. அந்தக் கோவத்துல அப்பாவே கதண்டுக் கூட்டைக் கொண்டாந்து வச்சாருன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டாரு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும். அஞ்சு மணிக்கு எஸ்.ஐ. வர்றாரு."

ஞானகுமாரி எழுந்து வந்தாள். டப்பாவுக்குள் கையை விட்டாள். ரூபஸ் கண்ணை மூடி, தனக்குத் தெரிந்த ஒரே முழு ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தான். அது சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம்.

கண்ணைத் திறந்தபோது பூச்சி அவள் மணிக்கட்டில் நடந்துகொண்டிருந்தது.

"இறங்கு. இடுப்பைப் பாரு."

"மேடம், லேடீஸ் முன்னாடி இன்னா பேச்சு இது..."

"பூச்சியோட இடுப்பைடா. குளவின்னா இடுப்பு நூல் மாதிரி இருக்கும். கதண்டுக்கும் அப்படித்தான். இதுக்கு எங்க இருக்கு?"

ரூபஸ் இரண்டடி தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தான். மார்பும் வயிறும் உருட்டுக்கட்டை மாதிரி ஒன்றாக இறங்கின. "இடுப்பே இல்ல மேடம். நம்மாளு."

"அதான் உன்னை மாதிரியே இதுவும் யாரையும் கொட்டாது. சத்தம் மட்டும்தான். பேரு மரக்குளவி. பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிறது கொடுக்கு இல்ல, மரத்தைத் துளைச்சு முட்டை வைக்கிற குழாய். விஷம் வச்சுக் கொட்டுற சாமானே இதுகிட்ட கிடையாது."

லாவண்யா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப செபாஸ்டியன் சாரை எது மேடம் கொட்டுச்சு?"

"நல்ல கேள்வி" என்றாள் ஞானகுமாரி. "ரூபஸ், ஹெல்மெட்டை எடு."

ஹெல்மெட்டை எடுத்த ரூபஸ், காட்டுப்பாக்கம் போய்ச் சேர்ந்து தோட்டத்துக்குள் நுழைந்த பிறகும் அதைக் கழற்றவில்லை. கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தான். யார் என்ன சொன்னாலும் அவனுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

ஓட்டு வீட்டு வாசலில் பாத்திரங்கள் சாக்கில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. தங்கவேல் அதைப் பார்க்காமல் ரோஜாவுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் துரத்தப்படப் போகிறவர் காலையில் பாத்தி கட்டுகிறாரே என்று ரூபஸுக்கு என்னவோ போலிருந்தது.

"வா நைனா. இன்னா, தலையில அடிபட்டுக்கீதா?" என்றார் தங்கவேல், ஹெல்மெட்டைப் பார்த்து.

"இன்னும் படல பெரியவரே. எல்லாம் முன்னெச்சரிக்கைதான்."

ஞானகுமாரி தோட்டத்தில் அடையாள அணிவகுப்பே நடத்தினாள். சன்ஷேடுக்கு அடியில் மண்ணால் கூடு கட்டிக்கொண்டிருந்தது ஒன்று. "நூல் இடுப்பு. மண் குளவி. இதுவும் சும்மா இருக்கிறவனை ஒண்ணும் பண்ணாது." பந்தல் மூங்கிலில் வட்டமாகத் துளை, அதற்குள்ளிருந்து குண்டாக, நீலக் கறுப்பாக ஒன்று உறுமிக்கொண்டு வந்து ரூபஸின் கண்ணாடியில் முட்டியது. அவன் போட்ட சத்தத்தில் சப்போட்டா மரத்துக் காக்கை பறந்துபோனது. "கருவண்டு. தேன் குடிக்கிற ஜாதி. கீழே மூங்கில் தூள் கொட்டிக் கிடக்கு பார், அது வீடு கட்டின குப்பை."

கடைசியில் திருவிழாப் பந்தலுக்காக அடுக்கி வைத்திருந்த சவுக்குக் கழிகள். அதன் மேல் இரண்டு மரக்குளவிகள். ஒன்று ஊசியைச் செங்குத்தாக இறக்கி, தம் பிடித்துக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதோ கூடு!" என்றான் ரூபஸ்.

"கழியில ஓட்டை எங்க?"

ஓட்டை இல்லை. மாமரத்திலும் இல்லை, சப்போட்டாவிலும் இல்லை.

"வெட்டின மர வாசனைக்கு வந்து ஏமாறுது. பொறந்தது இங்க இல்ல. இது பைன் மரத்துக்குள்ள புழுவா வருஷக்கணக்குல கிடந்து, பென்சில் தண்டிக்கு ஓட்டை போட்டுக்கிட்டு வெளிய வரும். பூந்தமல்லி பக்கத்துல பைன் மரம் எங்கடா இருக்கு?"

"பூந்தமல்லில பஸ் நிக்கவே எடமில்ல, பைன் மரம் எங்க மேடம் நிக்கும்?"

"யாருங்க நீங்க?"

குரலுக்குரியவர் வெள்ளைச் சட்டையும் தங்க பிரேம் கண்ணாடியுமாக வந்தார். இடது கட்டைவிரலில் பெரிய கட்டு. செபாஸ்டியன் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

"பூச்சி பாக்க வந்தோம் சார்" என்றாள் ஞானகுமாரி. "உங்களைக் கொட்டிடுச்சாமே. எங்க வச்சு?"

"அந்தக் கழிகிட்டதான். விர்ருனு வந்து நறுக்குனு ஒரு கொட்டு! உயிர் போயிடுச்சு. இன்னிக்கு மருந்தடிக்க ஆள் வர்றான். தோட்டத்துக்கும் அடிக்கணும், கோயிலுக்குள்ளயும் அடிக்கணும்."

"கட்டைப் பிரிச்சுக் காட்டறீங்களா?"

"டாக்டர் பிரிக்கக்கூடாதுன்னுட்டார்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆனால் அதற்குள் கட்டின் நுனியில் தெரிந்த நகத்தை ரூபஸ் பார்த்துவிட்டான். நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி கறுத்திருந்தது.

செபாஸ்டியன் போனதும், தங்கவேல் கொடுத்த தண்ணீரைக் குடிக்க ரூபஸ் வேறு வழியில்லாமல் ஹெல்மெட்டைக் கழற்றினான். அண்ணாந்து சொம்பைத் தூக்கியபோதுதான் அதைக் கண்டான். கோயில் சுவரின் உயரத்து ஜன்னலிலிருந்து ஒரு மரக்குளவி, தூங்கி எழுந்தவன் மாதிரித் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தது.

"மேடம்..." தண்ணீர் புரையேறியது. "தோட்டத்துலேர்ந்து கோயிலுக்குப் போவல. கோயில்லேர்ந்து தோட்டத்துக்கு வருது!"

ஞானகுமாரி அவனை மெச்சிப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்ப்பது வருடத்துக்கு இரண்டு தடவை.

கோயிலுக்குள் ஆள் இல்லை. அந்த ஜன்னலுக்கு நேர் கீழே பாவசங்கீர்த்தனக் கூண்டு நின்றது. சாமியார் நடுவில் உட்கார்ந்து, பக்கத்தில் முட்டி போடுகிறவர்களின் பாவங்களைக் கேட்கும் மரப்பெட்டி. ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. பளபளவென்று தேக்கு நிறம். நெற்றியில் பித்தளைத் தகடு: 'நூற்றிருபது ஆண்டுப் பழமை வாய்ந்த இத்தேக்குக் கூண்டைப் புதுப்பித்து வழங்கியவர் எஸ். செபாஸ்டியன்.'

பின்பக்கப் பலகையில், கம்பாஸில் வரைந்த மாதிரி ஒரு வட்ட ஓட்டை. அடியில் சிட்டிகை மரத்தூள். பக்கத்தில் பதினோரு இடத்தில் பழுப்புப் பெயின்ட் திட்டுகள். ஞானகுமாரி ஹேர்பின்னால் ஒன்றைச் சுரண்டினாள். பெயின்டுக்கு அடியில் பெயின்டர் பூசும் பட்டி. பட்டிக்கு அடியில் வட்டமான மரம். மரத்துக்கு நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி.

"ரூபஸ், இது என்ன?"

"பென்சில் மேடம்!" அவன் வாயைப் பிளந்தான். "யாரோ ஓட்டைக்குள்ள பென்சிலை உட்டு அடிச்சிக்கிறாங்க!"

"எதால அடிச்சிருப்பாங்க?"

"சுத்தியல்ல..." என்றவன், தன் கட்டைவிரலையே ஒரு தடவை பார்த்துக்கொண்டான். நாவல்பழம் ஞாபகம் வந்தது. "ஐயையோ. அண்ணாத்தைய பூச்சி கொட்டல. சுத்தியல் கொட்டிக்கீது!"

அந்த சந்தோஷத்தில் கூண்டின் மேல் சாய்ந்தான். கூண்டு நகர்ந்தது. நூற்றிருபது வருடத் தேக்கு, கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி மாதிரி சர்ரென்று அரை அடி போனது. ரூபஸ் தரையில் உட்கார்ந்தான்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கவேல் தலையைச் சொறிந்தார். "எனக்கு ரெண்டு வருசமா ஒரு டவுட்டு மேடம். திருவிழாவுக்கு முன்னாடி இத பாலிஷ் போடக் குடுத்தாங்க. லாரியில ஏத்தசொல்ல எட்டு பேரு தூக்கனோம், எனக்கு இடுப்பு புட்டுக்கிச்சு. திரும்பி வரசொல்ல ரெண்டு பேரு சிரிச்சிகினே தூக்கியாந்தானுங்க. பாலிஷ் போட்டா மரம் இளைக்குமா?"

"இத ஏன் பெரியவரே நீ யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டாங்க?"

"எங்க பாலிஷ் போட்டாங்க?" என்று ஞானகுமாரி கேட்டாள்.

"நசரத்பேட்டை. லாரி எடை போடுற எடத்துக்குப் பின்னாடி, ஏகாம்பரம் பட்டறை."

பைக் பெங்களூர் சாலையில் ஏறியபோது ரூபஸின் மனசுக்குள் கேஸ் முடிந்திருந்தது. பழங்காலத் தேக்கு. கடத்தல். வெளிநாட்டுப் பங்களா. செபாஸ்டியனுக்கு விலங்கு. பத்திரிகையில் தன் போட்டோ, முடிந்தால் பக்கவாட்டில் இல்லாமல்.

"மேடம், நான் பேசறேன். கஸ்டமரு மாதிரி."

"உளறாம பேசு."

பட்டறை முழுக்க வெளுத்த பலகைகள் மலையாகக் குவிந்திருந்தன. பிசின் வாசனை மூக்கில் ஏறியது. ஏகாம்பரம் ஐம்பது வயது ஆள், காதில் பென்சில், வாயில் கால்வாசி பீடி.

"அண்ணாத்தே, எனக்கு ஒரு பொட்டி வேணும்" என்றான் ரூபஸ். "சாமியாரு குந்துற பொட்டி."

ஏகாம்பரம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ சாமியாரா?"

"ஆவலாம்னு கீறேன்."

"கோயிலுக்கே ஒண்ணு பண்ணிக் குடுத்துக்கீறேன், ஒம்போதே நாளு! எல்லாம் இந்தப் பலகைதான். ஹைவேஸ் கம்பெனிக்கு வெளிநாட்டுலேர்ந்து மிசினு வருதுல்ல, அதச் சுத்திப் பேக்கிங்கா வர்ற பைன் மரம். மேல அடிச்சன் பாரு ஒரு தேக்கு பாலிஷு, தேக்கே வந்தாலும் ஏமாந்துடும்!"

"வேகவச்சுப் புழுவைக் கொன்னு அனுப்பணும்" என்று ஞானகுமாரி பலகையைத் தட்டினாள். "எவனோ கொன்னாச்சுன்னு முத்திரையை மட்டும் குத்திட்டு அனுப்பியிருக்கான்."

ரூபஸுக்குப் பொறுக்கவில்லை. வேஷத்தைக் கலைத்தான். "அப்ப ஒரிஜினல் தேக்குப் பொட்டிய நீயும் செபாஸ்டியனும் எங்கய்யா வித்தீங்க?"

ஏகாம்பரம் பீடியைக் கீழே போட்டார். "வித்துட்டமா? வாயக் கழுவு! யாரப் பாத்து இன்னா சொல்ற?"

விறுவிறுவென்று பட்டறையின் பின்பக்கம் போய்த் தார்ப்பாயை இழுத்தார். 

கறுத்து, கனத்து, யானை மாதிரி நின்றது பழைய கூண்டு. ஒரு கீறல் இல்லை. உள்ளே தலையணை, டேபிள் ஃபேன், செல்போன் சார்ஜர்.

"மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணசருவேன்" என்றார் ஏகாம்பரம், சற்றுக் குரல் தாழ்ந்து. "கொசு வராது. அது தப்புன்னா அத மட்டும் கேளு."

"பின்ன ஏன் இது இங்க இருக்கு?" என்றாள் ஞானகுமாரி.

"பாலிஷுக்கு ஒரு மாசம் ஆவும்னு சொன்னேன். திருவிழா பத்து நாள்ல. 'அதுவரைக்கும் ஒரு டம்மி பண்ணிக் குடு'ன்னாரு செபாஸ்டியன் சாரு. பண்ணேன். திருவிழா அன்னிக்கு பெரிய சாமியாரு ஆயர் வந்தாராம். டம்மியப் பாத்துட்டு, 'ஆஹா, செபாஸ்டியன் பழைய கூண்ட புத்தம் புதுசாக்கிட்டாரு'ன்னு மைக்குல சொல்லிட்டாராம். ஊரே கை தட்டுச்சாம், சால்வை போட்டாங்களாம், தகடு அடிச்சாங்களாம். மறுநாள் போன் பண்ணி, 'ஏகாம்பரம், கொஞ்சம் பொறு, நேரம் பாத்து விஷயத்தச் சொல்லிட்டு எடுத்துக்குறேன்'னாரு. ரெண்டு வருசமா அந்த நேரம் வரல. மாசத்துக்கு ஒரு தபா வருவாரு. துணி போட்டுத் தொடப்பாரு. கொஞ்ச நேரம் உள்ள குந்திகினு இருப்பாரு. போய்டுவாரு."

ரூபஸின் பத்திரிகைப் போட்டோ புகையாகப் போனது. கடத்தலும் இல்லை, பங்களாவும் இல்லை. ஒரு கைதட்டலைத் திருப்பிக் கொடுக்கத் தைரியமில்லாத ஒரு மனிதர். பாவம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி, ஓட்டு வீட்டு வாசலில் சாக்கில் கட்டிக் கிடந்த பாத்திரங்கள் கண்ணில் வந்தன. பாவம் போய்க் கோபம் வந்தது.

"அண்ணாத்தே" என்றான். "குட்டியானை வண்டி ஒண்ணு சொல்லு. கூட எட்டு ஆளு."

ஐந்து மணிக்கு மாதா கோயில் வளாகத்தில் எஸ்.ஐ. இருந்தார், பங்குச் சாமியார் ஃபாதர் நிர்மல் இருந்தார், பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த இருபது பேர் இருந்தார்கள். செபாஸ்டியன் நடுவில் நின்று, கட்டுப் போட்ட விரலை எல்லோருக்கும் பொதுவாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். லாவண்யா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

ஞானகுமாரி டிபன் பாக்ஸைத் திறந்து மரக்குளவியை எடுத்துத் தன் கையில் விட்டாள். கூட்டம் ஐந்தடி பின்வாங்கியது. எஸ்.ஐ. ஆறடி.

"கொட்டாது சார். கொட்டத் தெரியாது. ரூபஸ், கையை நீட்டு."

"மேடம், இது பேச்சுல இல்லியே..."

"நீட்டு."

நீட்டினான். ஆறு கால்களும் குறுகுறுவென்று அவன் உள்ளங்கையில் ஏறின. பூச்சி அவன் மோதிரத்தை முகர்ந்தது, கட்டைவிரலைச் சுற்றியது, அலுத்துப்போய் அப்படியே உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான். அவன் மூச்சுவிட்டதை மொத்தக் கூட்டமும் கேட்டது.

"செபாஸ்டியன் சார், குளவி கொட்டினா விரல் வீங்கும். நகம் ரத்தம் கட்டிக் கறுக்காது. சுத்தியல் கொட்டினாத்தான் கறுக்கும். பென்சில் அடிக்கும்போது குறி தவறிடுச்சா?"

செபாஸ்டியன் வாயைத் திறந்தார். அதற்குள் கேட்டுக்குள் குட்டியானை நுழைந்தது. எட்டு பேர் முக்கி முனகி இறக்கிவைத்த பொருளைப் பார்த்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார். ஏகாம்பரம் அவசரமாக உள்ளேயிருந்த தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஃபாதர் நிர்மல் பழைய கூண்டைத் தொட்டுப் பார்த்தார். கோயிலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு வருஷமா நான் பொய்க்குள்ள உக்காந்துகிட்டா எல்லாருக்கும் பொய் சொல்லாதீங்கன்னு சொல்லிட்டிருந்தேன்?"

"கை தட்டினாங்க ஃபாதர்" என்றார் செபாஸ்டியன். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளிட்டேன். பூச்சி வர ஆரம்பிச்சதும் ஓட்டையை அடைச்சேன். அடைக்க அடைக்க வேற எடத்துல வருது. விரல் நசுங்கினதைப் பார்த்து என்னாச்சுன்னு வீட்ல கேட்டாங்க, பூச்சின்னு வாயில வந்துடுச்சு. பூச்சி எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டாங்க..." 

அவர் தங்கவேலைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். தோட்டம் என்று சொல்வது அவருக்கு அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது. ரூபஸ் பல்லைக் கடித்தான். கையில் பூச்சி இருந்ததால் சும்மா இருந்தான்.

எஸ்.ஐ. தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "புகார் என்ன பண்றது?"

"வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார் செபாஸ்டியன். அங்கேயே, ரூபஸ் குனிந்து காட்டிய முதுகில் காகிதத்தை வைத்து, தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுத் தங்கவேலிடம் போனார். எல்லோரும் பார்க்கக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னை மன்னிச்சிடு தங்கவேலு."

தங்கவேல் காகிதத்தை வாங்கி மகளிடம் கொடுத்தார். அவள் ஒரு வரி விடாமல் படித்துத் தலையாட்டிய பிறகுதான் நிமிர்ந்தார்.

"மன்னிப்பெல்லாம் அந்தப் பொட்டிக்குள்ள போய்க் கேட்டுக்கோ சார். அதுக்குத்தான எட்டு பேரு தூக்கியாந்து வச்சிக்கீறாங்க" என்றார். "எனுக்கு வேலை கீது. ரோஜாவுக்கு இன்னும் தண்ணி காட்டல."